கம்பு விளையும் மண்ணில் மெலிந்த குழந்தைகள்

2005-ல் மேற்கு ஆப்பிரிக்க நாடான நைஜரில் உணவு நெருக்கடி வந்தபோது, எலும்பும் தோலுமான குழந்தைகள் கூட்டம் கூட்டமாகச் சிகிச்சைக்கு வந்து சேர்ந்தது பாலைவன வடக்கிலிருந்து அல்ல. தெற்கே, கம்பு நன்றாக விளையும் மராடி வட்டாரத்திலிருந்து. முந்தைய ஆண்டு மழை பொய்த்தது, வெட்டுக்கிளிகளும் மேய்ந்தன, உண்மைதான். ஆனாலும் சந்தையில் தானியம் இருந்தது. வாங்கத்தான் காசில்லை. அறுவடை முடிந்த கையோடு கடனுக்காக மலிவாக விற்ற கம்பை, அதே விவசாயி ஜூன் மாதத்தில் ஏறிய விலைக்கு வாங்கியாக வேண்டும். அரசோ இலவசமாகக் கொடுக்கத் தயங்கி, முதலில் சலுகை விலைக்கு விற்றது. கையில் ஒன்றுமே இல்லாதவருக்குச் சலுகை விலை என்ன, முழு விலை என்ன?

அடுத்த கதிர் முற்றும்வரையான அந்த மழை மாதங்களில்தான் மலேரியாவும் வயிற்றுப்போக்கும் வரும். வெறும் கூழில் வளரும் இரண்டு வயதுக் குழந்தை அந்த அடியைத் தாங்காது.

இப்படிப்பட்ட குழந்தைக்கு முன்பு தெரிந்த வைத்தியம், சத்து சேர்த்த பால். அதைச் சுத்தமான தண்ணீரில் கரைக்க வேண்டும். வைத்திருந்தால் கிருமி பெருகும். ஆகவே வாரக்கணக்கில் மருத்துவமனைப் படுக்கை. விதைப்பு நேரத்தில் மற்ற பிள்ளைகளை விட்டுவிட்டு எந்தத் தாய் அங்கே தங்குவாள்?

பிரெஞ்சு மருத்துவர் ஆந்த்ரே பிரியாண்டும் உணவுப் பொறியாளர் மிஷேல் லெஸ்கானும் 1996-ல் வழி கண்டார்கள். நிலக்கடலை விழுது, பால் பவுடர், சர்க்கரை, எண்ணெய், வைட்டமின், தாது உப்புகள். தண்ணீரே சேராததால் கிருமி வளராது, அடுப்பும் வேண்டாம். 92 கிராம் பொட்டலம், 500 கலோரி. முனையைக் கிழித்துக் குழந்தை தானே உறிஞ்சும். செவிலியர் முன்னால் ஆவலோடு தின்றால் வீட்டுக்கு அனுப்பலாம். முகத்தைத் திருப்பினால், காய்ச்சலோ வீக்கமோ இருந்தால், மருத்துவமனைதான். 2005-ல் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு நைஜரில் 60,000-க்கு மேற்பட்ட குழந்தைகளுக்குச் சிகிச்சை தந்தது. பெரும்பாலோர் வீட்டிலிருந்தே தேறினார்கள். 2007-ல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் இந்த முறையை ஏற்றன. இன்று தலைநகர் நியாமேயிலேயே பொட்டலம் தயாராகிறது.

ஆனால் இது மருந்து, சாப்பாடு அல்ல. ஆறேழு வாரத்தில் தேறிய பிள்ளை திரும்புவது அதே காலிக் குதிருக்குத்தான். பொட்டலத்தை எண்ணிக் கணக்குக் காட்டுவது சுலபம் என்பதாலோ என்னவோ, நன்கொடையாளர்களின் கண் அதன் மேலேயே நிற்கிறது. பஞ்ச மாதங்களுக்கு முன்பே ஏழைக் குடும்பத்தின் கையில் பணம் சேர்ப்பது, ஊருக்கு ஊர் தானியக் கிடங்கு வைப்பது போன்றவற்றுக்கு அந்தக் கவர்ச்சி இல்லை.

செலவு குறைந்த ஒரு வேலை மட்டும் வேரூன்றியிருக்கிறது. மேற்கையைச் சுற்றி அளக்கும் வண்ண நாடாவில் 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே சிவப்பு. அது கடுமையான மெலிவு. நைஜரின் ஜிண்டர் பகுதியில் இந்த நாடாவைத் தாய்மார் கையிலேயே கொடுத்துப் பார்த்தார்கள். சுகாதாரப் பணியாளர்களுக்குச் சளைக்காமல் அளந்தார்கள். நிலை முற்றுமுன் குழந்தைகள் வந்ததால் படுக்கையில் சேர்க்க வேண்டியவர்களும் குறைந்தார்கள்.