இயந்திரத்தின் சொல்லும் சட்டத்தரணியின் கையொப்பமும்

சிலப்பதிகாரத்து வழக்குரை காதையைப் பயில்வோர் பலரும் கண்ணகியின் சினத்திலும் பாண்டியனின் வீழ்ச்சியிலும் மனத்தைப் பறிகொடுப்பர். சட்டம் பயிலும் மாணவன் ஒருவன் அக்கதையை நோக்குவானாயின், அவன் கருத்தை ஈர்ப்பது வேறொன்றாகும். கோவலனைக் கள்வன் எனக் கொள்வதற்கு அரசனிடம் இருந்த ஆதாரம் பொற்கொல்லனின் சொல் ஒன்றே. அச்சொல் மெய்யோ பொய்யோ என அறியச் சிலம்பை உடைத்துப் பார்த்திருந்தாற் போதும். உள்ளிருந்தது முத்தா, மாணிக்கமா என்பது அக்கணமே புலனாகியிருக்கும். அந்தச் சிறு சோதனை, ஓர் உயிர் போன பின்னரே நிகழ்ந்தது. தொழில்வல்லான் ஒருவன் தயக்கமின்றிச் சொன்னான். அரசன் ஆராயாது நம்பினான்.

இக்கதையை இன்று நினைவுகூர்வதற்குக் காரணம் உண்டு. செயற்கை நுண்ணறிவு என்னும் புதிய தொழில்வல்லான் சட்டத்துறையின் வாயிலுக்குள் புகுந்துவிட்டான். அவனும் தயக்கமின்றிப் பேசுகிறான். அவன் சொல்லை நாம் எவ்வாறு ஏற்பது என்பதே இன்றைய சட்டத்துறையின் முதன்மையான வினாக்களுள் ஒன்றாகியுள்ளது.

நியூயோர்க் நகரத்துச் சமஷ்டி மாவட்ட நீதிமன்றத்தில் 2023ஆம் ஆண்டு நிகழ்ந்ததை இங்கு எடுத்துக்காட்டுதல் பொருந்தும். 2019 ஆகஸ்டில் எல் சல்வடோரிலிருந்து நியூயோர்க் சென்ற அவியாங்கா விமானமொன்றில், உணவு பரிமாறும் உலோக வண்டி தம் முழங்காலில் மோதியதெனப் பயணி ஒருவர் வழக்குத் தொடுத்தார். சர்வதேச விமானப் பயணம் பற்றிய மொன்றியல் உடன்படிக்கை இத்தகைய வழக்குகளுக்கு இரண்டு ஆண்டுக் கால எல்லையை விதிக்கின்றது. அவ்வெல்லை கடந்துவிட்டது என்பது விமான நிறுவனத்தின் வாதம். அதற்குப் பதிலாகப் பயணியின் சட்டத்தரணிகள் பல முன்தீர்ப்புகளை எடுத்துக்காட்டினர். அவற்றுள் 'வர்கீஸ் எதிர் சைனா சதேர்ன் ஏர்லைன்ஸ்' என்பது ஒன்று. தீர்ப்புத் தொகுதியின் எண் 925, பக்கம் 1339 என்ற குறிப்பும் அதற்கு இருந்தது. அத்தொகுதியின் அப்பக்கத்திலோ முற்றிலும் வேறான வழக்கொன்றே உள்ளது. வர்கீஸ் வழக்கு உலகில் எங்கும் நடைபெறவில்லை. அதைப் போன்றே மேலும் ஐந்து தீர்ப்புகளும் வெறுங் கற்பனையாயின. அனைத்தும் சட்ஜிபிடி என்னும் உரையாடற் கருவி ஆக்கித் தந்தவை.

இதிலே நம் சிந்தனைக்குரிய பகுதி ஒன்று உண்டு. முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட அனுபவமுடைய அச்சட்டத்தரணிக்கு ஒரு கட்டத்தில் ஐயம் எழவே செய்தது. அவர் அந்த ஐயத்தைத் தீர்க்க நூலகத்துக்குச் செல்லவில்லை. "வர்கீஸ் வழக்கு உண்மையானதா?" என்று அந்தக் கருவியிடமே வினவினார். ஆம் என்றது கருவி. பெயர் பெற்ற சட்டத் தரவுத்தளங்களிலே அதனைக் காணலாம் என்றும் உறுதி கூறியது. களவுபற்றி ஐயுற்ற அரசன் பொற்கொல்லனையே மறுபடி அழைத்துச் சாட்சி கேட்பதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டோ?

2023 யூன் 22ஆம் திகதி நீதிபதி கெவின் காஸ்டெல், 5,000 டொலர் தண்டம் விதித்தார். பொய்த் தீர்ப்புகளை எழுதியோராகப் பெயர் சுட்டப்பட்ட நீதிபதிகள் ஒவ்வொருவருக்கும் அதனை அறிவித்துக் கடிதம் அனுப்பவும் பணித்தார். பயணியின் வழக்கும் காலங் கடந்தது என அன்றே தள்ளுபடியாயிற்று. எனினும் அந்நீதிபதி கருவியைப் பழிக்கவில்லை. நம்பத்தக்க கருவியொன்றைத் துணைக்கொள்வது தன்னளவிற் குற்றமன்று. ஆனால் மன்றில் வைப்பது மெய்தானா என உறுதிசெய்யும் கடமை சட்டத்தரணியுடையதே என்பது அவர் தீர்ப்பின் சாரம்.

கருவி ஏன் இவ்வாறு பொய்யுரைத்தது? பொய்யுரைத்தது என்று சொல்வதுகூடப் பொருந்தாது. பொய் சொல்வதற்கு உண்மையை அறிந்திருத்தல் வேண்டுமன்றோ? இக்கருவி அளவிறந்த எழுத்துகளைப் பயின்று, ஒரு சொல்லுக்குப் பின் எச்சொல் வருதல் இயல்பு என்று கணித்து, சொற்களைத் தொடுத்துச் செல்வது. தீர்ப்பின் மேற்கோளுக்கு ஒரு நிலையான வடிவம் உண்டு: இரு தரப்பார் பெயர், தொகுதி எண், பக்க எண், ஆண்டு. வடிவம் நிலையானதாக இருக்குந்தோறும் போலி செய்வதும் எளிதாகின்றது. மன்றுகளின் நடை கருவிக்குக் கைவந்தது. அம்மன்றுகள் உண்மையிலே தீர்த்த வழக்குகள் எவை என்ற அறிவோ அதற்கு வாய்க்கவில்லை.

இதனால் மனிதன் மட்டுமே நம்பத்தக்கவன் என முடிவுசெய்வோமாயின் அதுவும் தவறாகும். 1985ஆம் ஆண்டு பிளேயர், மாரன் என்னும் இரு அறிஞர் வெளியிட்ட ஆய்வு இதனை நன்கு உணர்த்துகின்றது. சான் பிரான்சிஸ்கோப் பகுதியின் புகையிரத விபத்தொன்று பற்றிய வழக்கு. ஏறத்தாழ 40,000 ஆவணங்கள், 350,000 பக்கங்கள். கணினியிற் சொற்களைக் கொடுத்துத் தேடிய சட்டத்தரணிகள், தமக்கு வேண்டியவற்றுள் நூற்றுக்கு 75 பங்கைக் கண்டுவிட்டோம் என நம்பினர். உண்மையிற் கண்டது நூற்றுக்கு 20 அளவே. ஒரு சாரார் 'விபத்து' என்றதை மற்றொரு சாரார் 'நிகழ்ச்சி' என்றும் 'நிலைமை' என்றும் எழுதியிருந்தனர். சொல்லைத் தேடியவர்க்குப் பொருள் அகப்படவில்லை.

இக்குறையை ஈடுசெய்யப் பிறந்த முறையொன்றை 2012இல் நியூயோர்க் நீதிபதி அன்ட்ரூ பெக் ஏற்றுக்கொண்டார். முதலிற் சட்டத்தரணிகள் சில ஆவணங்களைப் படித்து, வழக்குக்கு உரியவை எவை, அல்லாதவை எவை எனக் குறிக்கின்றனர். கணினி அதனைக் கற்று ஏனையவற்றை வரிசைப்படுத்துகின்றது. கணினி ஒதுக்கியவற்றினின்றும் மாதிரிகளை எடுத்து மனிதர் மீண்டும் சோதிக்கின்றனர். இங்கே கருவி பெரும்பணி ஆற்றுகின்றது. ஆயினும் அதன் சொல் சோதனையின்றி ஏற்கப்படுவதில்லை. சிலம்பு உடைத்துப் பார்க்கப்படுகின்றது.

இந்த வேறுபாட்டை உணராதோர் இன்னும் உளர். 2025 யூனில் இங்கிலாந்தின் மேல் நீதிமன்றம் ஆராய்ந்த வழக்கொன்றில், எடுத்தாளப்பட்ட 45 மேற்கோள்களுள் 18 வழக்குகள் இல்லாதவை. கட்சிக்காரர் தாமே கருவிகளின் துணையோடு தேடித் தந்தவற்றைச் சட்டத்தரணி சரிபாராது ஒப்பமிட்டிருந்தார். இத்தகைய செயல் நீதிமன்ற அவமதிப்பாகவும் கொள்ளப்படலாம் என அம்மன்று எச்சரித்தது. இலங்கை மன்றுகளும் முன்தீர்ப்பு மரபைப் பின்பற்றுவன. ஆகவே இவ்வெச்சரிக்கை நமக்குத் தொலைதூரத்துச் செய்தி அன்று.

ஆசிரியரும் மாணவரும் சிந்திக்கவேண்டிய மற்றொன்றும் உண்டு. இளஞ் சட்டத்தரணி முன்தீர்ப்புத் தொகுதிகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டியது, வேண்டிய தீர்ப்பைக் கண்டெடுப்பதற்கு மட்டும் அன்று. தேடாத நூறு தீர்ப்புகளைக் கடந்து சென்றபோதே, எது வலிய நியாயம், எது மெலிந்த நியாயம் என்று பிரித்தறியும் ஆற்றல் அவன் உள்ளத்தில் ஊன்றியது. அவ்வுழைப்பைக் கருவி ஏற்றுக்கொள்ளுமாயின், அவ்வாற்றலை இனி எவ்விடத்திற் பெறுவது? கருவியின் விடையிற் பிழை காண்பதற்கு அறிவு வேண்டும். அவ்வறிவைத் தந்துவந்த பயிற்சியையே கருவி விழுங்கிவிடலாகாது. சட்டக் கல்வி இதற்கு வழிகாண வேண்டும். கருவி தந்த மேற்கோளை மூல நூலோடு ஒப்புநோக்கி, அத்தீர்ப்பு முழுவதையும் படித்து, அது சொல்லாததையும் எடுத்துரைக்குமாறு மாணவனைப் பணித்தல் அவ்வழிகளுள் ஒன்று.

மன்றிலே ஒரு சட்டத்தரணி முன்தீர்ப்பை எடுத்தோதுவது, "இதனை நான் படித்தேன்; இது மெய்; இதற்கு நான் பொறுப்பு" என்று கூறுவதற்கு ஒப்பாகும். நீதிபதி அவரை நம்புவதும், எதிர்த் தரப்பார் அவருக்கு விடையிறுப்பதும் அப்பொறுப்பின் பேரிலேயே. கருவிக்குத் தண்டம் விதிக்க இயலாது. அதற்கு நாணமும் இல்லை, இழப்பதற்கு நற்பெயரும் இல்லை. எனவே அது எத்துணை விரைவாகத் தேடித் தரினும், தாளின் அடியிற் கையொப்பமிடுவது மனிதக் கையே. ஒப்பமிடுமுன் சிலம்பை உடைத்துப் பார்க்கும் பொறுமை அக்கைக்கு இருத்தல் வேண்டும்.