ஆறு பாடங்களில் அடங்கிய எதிர்காலம்: ஐ.பி. டிப்ளமாவைத் தேர்ந்தெடுக்கும் முன் அறிய வேண்டியவை

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்து பதினோராம் வகுப்புச் சேர்க்கை தொடங்கும் காலத்தில், எந்தப் பள்ளி, எந்த ‘குரூப்’ என்ற இரண்டு கேள்விகளோடு நின்றிருந்த சென்னைக் குடும்பங்களின் முன், எந்த வாரியம் என்ற மூன்றாவது கேள்வியும் இப்போது வந்து நிற்கிறது. திருவான்மியூரிலும் அதையொட்டிய தரமணி, அடையாறு, பெசன்ட் நகர்ப் பகுதிகளிலும் இக்கேள்வி சற்று வலுவாகவே எழுகிறது. 2000-ஆம் ஆண்டில் டைடல் பார்க் திறக்கப்பட்ட பின் தகவல் தொழில்நுட்பத் துறையினர் பெருமளவில் குடியேறிய வட்டாரம் இது; 1995-இல் தொடங்கப்பட்டு இன்று தரமணி நூறடிச் சாலையில் இயங்கும் அமெரிக்கன் இன்டர்நேஷனல் பள்ளி ஐ.பி. டிப்ளமாவை வழங்குகிறது. வெளிநாட்டுக் கல்வி முறையும் இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று. பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று 1939-இல் அடையாறுக்கு வந்த மரியா மாண்டிசோரி, தமது முறையில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த இடம் இது. ஆயினும் மழலையர் கல்வியில் ஒரு முறையைத் தேர்வதற்கும் மேல்நிலைக் கல்வியில் ஒரு சான்றிதழைத் தேர்வதற்கும் அடிப்படையான வேறுபாடு உண்டு: முன்னதில் பின்னர் மாறிக்கொள்ளலாம், பின்னதில், முதல் சில வாரங்களில் எடுக்கும் முடிவு கல்லூரி வாயில்கள் சிலவற்றைத் திறந்து, சிலவற்றை மூடிவிடுகிறது.

திட்டத்தின் அமைப்பு

ஐ.பி. எனச் சுருக்கமாக வழங்கப்படும் ‘இன்டர்நேஷனல் பக்கலோரியட்’ அமைப்பு 1968-இல் ஜெனிவாவில் நிறுவப்பட்டது. பணி நிமித்தம் நாடுவிட்டு நாடு மாறும் பெற்றோரின் பிள்ளைகள், எந்த நாட்டுப் பல்கலைக்கழகமும் ஏற்கத்தக்க ஒரே பள்ளியிறுதிச் சான்றிதழைப் பெற வேண்டும் என்பது அதன் தொடக்க நோக்கங்களுள் முதன்மையானது. அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக 1901-இல் தொடங்கப்பட்ட கொடைக்கானல் இன்டர்நேஷனல் பள்ளி, 1976-இல் இந்தியாவிலேயே முதலாவதாக இத்திட்டத்தை ஏற்றது, ஆகவே, ஐ.பி. டிப்ளமாவின் இந்திய வரலாறு தமிழ்நாட்டிலிருந்தே தொடங்குகிறது.

பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு இணையான இந்த ஈராண்டுத் திட்டத்தில் மாணவர் ஆறு பாடங்களைப் பயில வேண்டும். மொழியும் இலக்கியமும், இரண்டாம் மொழி, சமூக அறிவியல், அறிவியல், கணிதம் ஆகிய ஐந்து தொகுதிகளிலிருந்து ஒவ்வொன்றும், ஆறாவதாகக் கலைத் தொகுதியிலிருந்து ஒன்றோ அதற்கு ஈடாக முதல் நான்கு தொகுதிகளில் ஏதேனும் ஒன்றிலிருந்து மற்றொன்றோ எடுக்கலாம். இவற்றுள் மூன்றை, சிலர் நான்கை, ‘ஹையர் லெவல்’ எனப்படும் உயர்நிலையிலும் எஞ்சியவற்றை ‘ஸ்டாண்டர்டு லெவல்’ எனப்படும் இயல்புநிலையிலும் படிப்பர். உயர்நிலைக்கு 240 மணி நேரமும் இயல்புநிலைக்கு 150 மணி நேரமும் கற்பிக்கப்பட வேண்டும் என்பது விதி. ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 7 வரை தரப்புள்ளி வழங்கப்படுவதால் பாடங்களுக்கு 42, பின்னர் விளக்கப்படும் பொதுக்கூறுகளுக்கு 3 என மொத்தம் 45 புள்ளிகள். டிப்ளமா பெறக் குறைந்தது 24 புள்ளிகள் தேவை, அவற்றில் 12 உயர்நிலைப் பாடங்களிலிருந்து வந்திருக்க வேண்டும். இறுதித் தேர்வோடு மட்டும் மதிப்பீடு முடிந்துவிடுவதில்லை. இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் ஆகியவற்றில் மாணவர் தாமே திட்டமிட்டுச் செய்யும் ஆய்வுப்பணிக்கு 20 விழுக்காடு மதிப்பெண் உண்டு.

பாடங்களுக்கு அப்பால் மூன்று கடமைகள்

இத்திட்டத்தை மற்ற வாரியங்களிலிருந்து பிரித்துக் காட்டுபவை பாடங்களைவிட, அனைவருக்கும் கட்டாயமான மூன்று பொதுக்கூறுகளே. ஒரு செய்தியை நாம் எவ்வாறு உண்மையென்று ஏற்கிறோம், அறிவியலின் சான்றும் வரலாற்றின் சான்றும் எவ்வகையில் வேறுபடுகின்றன என்பன போன்ற வினாக்களை ஆராயும் ‘அறிவுக் கோட்பாடு’ முதலாவது. மாணவர் தாமே ஒரு வினாவை வகுத்து 4,000 சொற்களுக்கு மிகாமல் எழுதும் ‘விரிவுக் கட்டுரை’ இரண்டாவது. படைப்பு, உடலியக்கம், தொண்டு ஆகியவற்றைக் குறைந்தது பதினெட்டு மாதங்கள் தொடர்ந்து மேற்கொள்ளும், ‘சி.ஏ.எஸ்.’ எனப்படும் செயல்திட்டம் மூன்றாவது. இதற்குப் புள்ளி இல்லை, எனினும் இதை நிறைவு செய்யாதவருக்கு டிப்ளமாவும் இல்லை.

விரிவுக் கட்டுரை எத்தகைய உழைப்பைக் கோருகிறது என்பதைத் திருவான்மியூரையே எடுத்துக்காட்டாகக் கொண்டு காணலாம். இங்கிருந்து தெற்கே கோவளம் வரை கரையோரமாக நீளும் மணற்பாங்கான நிலத்தடி நீர்ப்படுகை, நீண்டகாலமாகச் சென்னைக்குக் குடிநீர் தந்த மூலங்களுள் ஒன்று. அளவுக்கு மீறி உறிஞ்சினால் கடல்நீர் உட்புகும் இயல்புடையது. ‘சென்னையின் நிலத்தடி நீர்’ என்று ஒரு மாணவர் தலைப்பிட்டால் அது நூலுக்குரிய பரப்பு. கட்டுரை அதில் மூழ்கிவிடும். மாறாக, கடற்கரையிலிருந்து வெவ்வேறு தொலைவில் உள்ள கிணறுகளின் நீர், பருவமழைக்கு முன்னும் பின்னும் மின்கடத்துதிறனில், அதாவது கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் குறியீட்டில், எவ்வாறு மாறுகிறது என்று கேட்டால், அது அளந்து விடை காணத்தக்க வினாவாகிறது. எத்தனை கிணறுகள், எந்த மாதங்கள், எந்தக் கருவி, கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பின் விளைவைத் தனியே பிரித்தறிய முடியுமா, முடியாவிட்டால் அதை எவ்வாறு ஒப்புக்கொண்டு எழுதுவது என்று ஒன்றன்பின் ஒன்றாக எழும் சிக்கல்களோடு பதினேழு வயதில் போராடுவதுதான் இத்திட்டம் தரும் மெய்யான பயிற்சி.

தொண்டுப் பணிக்கும் தொலைவு போக வேண்டியதில்லை. பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் மாதங்களில், 1988-இல் மாணவர்களால் தொடங்கப்பட்ட கடலாமைப் பாதுகாப்பு அமைப்பின் தன்னார்வலர்கள், நீலாங்கரையிலிருந்து திருவான்மியூர் வழியாகப் பெசன்ட் நகர் வரை இரவில் நடந்து, முட்டைகளைச் சேகரித்துக் காப்பகத்தில் புதைக்கின்றனர். அவ்வகைப் பணியில் ஒரு பருவம் முழுவதும் தவறாமல் பங்கேற்பவர் பெறுவது சான்றிதழுக்கான வரவுப் பதிவு மட்டுமன்று. சொந்த ஊரின் கடற்கரையைப் பற்றிய அறிவும் பொறுப்பும் ஆகும்.

பாடத்தேர்வே தலைவிதியைத் தீர்க்கும் இடம்

குடும்பங்கள் பெரும்பாலும் பள்ளியின் பெயரை அலசும் அளவுக்குப் பாடச்சேர்க்கையை அலசுவதில்லை. இடர்ப்பாடு தொடங்குவதும் அங்கேதான். இந்தியாவில் பொறியியல் பயிலப் பெரும்பாலும் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் வேண்டும். கலைத் தொகுதியை விடுத்து இரண்டாவது அறிவியல் பாடத்தை எடுப்பவருக்கு இம்மூன்றும் அமைந்துவிடும். மருத்துவத்துக்கோ இயற்பியல், வேதியியல், உயிரியல் என மூன்று அறிவியல் பாடங்கள் தேவை, ஐ.பி.யின் வழக்கமான அமைப்பில் இரண்டு அறிவியல் பாடங்களுக்கு மட்டுமே இடமுண்டு. பல்கலைக்கழகச் சேர்க்கை விதியைக் காரணம் காட்டிப் பள்ளி முன்கூட்டியே கோரினால், ‘நான்-ரெகுலர் டிப்ளமா’ என்னும் விலக்கின்கீழ் மூன்றையும் பயில அனுமதி பெற வழி இருக்கிறது. ஆனால் அது வகுப்பு தொடங்கும்போதே செய்ய வேண்டிய ஏற்பாடு. பன்னிரண்டாம் வகுப்பில் மருத்துவக் கனவு முளைத்தால், திரும்பிச் செல்வது எளிதாக இராது.

கணிதத்திலும் இத்தகைய பொறி உண்டு. 2019 முதல் இப்பாடம் இரு பிரிவுகளாகக் கற்பிக்கப்படுகிறது: நுண்கணிதத்துக்கும் இயற்கணித நிறுவல்களுக்கும் முதன்மை தரும் ‘அனாலிசிஸ் அண்ட் அப்ரோச்சஸ்’ ஒன்று, புள்ளியியலுக்கும் நடைமுறைப் பயன்பாட்டுக்கும் முதன்மை தரும் ‘அப்ளிகேஷன்ஸ் அண்ட் இன்டர்பிரட்டேஷன்’ மற்றொன்று. இரண்டுமே கணிதத் தொகுதியில் அடங்கினாலும், பின்னதை இயல்புநிலையில் படித்தவரைப் பொறியியலுக்கும் பொருளியலுக்கும் ஏற்காத வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பல உள்ளன.

தமிழ்நாட்டுக் கலந்தாய்வும் இந்திய நுழைவுத் தேர்வுகளும்

இந்தியப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு 1983 முதலே ஐ.பி. டிப்ளமாவைப் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையாக ஏற்றுள்ளதால், இச்சான்றிதழோடு இந்தியாவில் எங்கும் சேர முடியாது என்று சிலர் அஞ்சுவதற்கு அடிப்படை இல்லை. எனினும் தகுதி பெறுவதும் இடம் பெறுவதும் வேறு வேறு. தமிழ்நாட்டில் பொறியியலுக்கான நுழைவுத் தேர்வு 2007-இல் நீக்கப்பட்ட பின், கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 எனப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்களிலிருந்து கணக்கிடப்படும் 200-க்கான ‘கட்-ஆஃப்’ கொண்டே கலந்தாய்வு நடக்கிறது. முன்னணிக் கல்லூரிகளில் அரை மதிப்பெண்ணில் இடம் கைமாறும் இம்முறையில், ஏழே படிகள் கொண்ட அளவுகோலில் பெற்ற தரத்தை மதிப்பெண்ணாக மாற்றிக்கொண்டு போட்டியிடும் மாணவருக்கு, நுண்ணிய வேறுபாடுகளைக் காட்டும் வாய்ப்பு இயல்பாகவே குறைகிறது.

நாட்காட்டியும் சாதகமாக இல்லை. ஐ.பி. இறுதித் தேர்வுகள் ஏப்ரல் இறுதி முதல் மே மூன்றாம் வாரம் வரை நடக்கின்றன; அண்மை ஆண்டுகளில் மருத்துவத்துக்கான நீட் தேர்வு மே முதல் ஞாயிறன்று நடத்தப்படுவதால், இரண்டும் ஒன்றோடொன்று மோதுகின்றன. ஐ.பி. முடிவுகள் ஜூலை முதல் வாரத்தில்தான் வெளியாகின்றன. பொறியியல் கலந்தாய்வுக்கான பதிவோ வழக்கமாக அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. இதற்கும் மேலாக, நீட், ஜே.இ.இ. தேர்வுகள் என்.சி.இ.ஆர்.டி. பாடநூல்களையொட்டி, குறைந்த நேரத்தில் மிகுதியான வினாக்களுக்கு விடையளிக்கும் திறனைச் சோதிப்பவை, ஐ.பி. வளர்ப்பதோ, விரிவாக வாதிட்டு எழுதும் திறனை. இரண்டையும் ஒரே சமயத்தில் சுமக்கும் மாணவர் பகலில் ஆய்வுக் கட்டுரை, மாலையில் கோச்சிங் வகுப்பு என்று இரண்டு பள்ளிகளின் பாரத்தைத் தாங்குகிறார். அரசுக் கல்லூரியில் மருத்துவம், ஐ.ஐ.டி. அல்லது அண்ணா பல்கலைக்கழகத்தில் பொறியியல் என்ற இலக்கு உறுதியாக இருப்பவருக்கு மாநிலப் பாடத்திட்டமோ சி.பி.எஸ்.இ.யோ நேர்வழி என்பதைத் தயக்கமின்றிச் சொல்லலாம்.

சட்டம், வடிவமைப்பு, பொருளியல், சமூக அறிவியல் ஆகியவற்றை நாடுவோரின் நிலை வேறு. சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வு வாசித்துப் பொருளுணரும் திறனையும் தருக்கத்தையும் சோதிப்பது, ஐ.பி. வகுப்பறையின் பழக்கம் அங்கே கைகொடுக்கும். வெளிநாட்டுக் கல்வியை நாடுவோருக்கு இதன் பயன் இன்னும் தெளிவானது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் பாடத்துக்கு ஏற்ப 38 முதல் 40 வரையிலான மொத்தப் புள்ளிகளையும் உயர்நிலைப் பாடங்களில் 6, 7 தரங்களையும் எதிர்பார்க்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல, உயர்நிலையில் நல்ல தரம் பெற்ற பாடங்களுக்கு முதலாண்டு வகுப்புகளில் விலக்கோ வரவோ அளிக்கின்றன.

வேறு வழிகளும் தமிழின் இடமும்

வெளிநாட்டுப் படிப்பு வேண்டுமெனில் ஐ.பி. ஒன்றே வழி என்பதில்லை. கேம்பிரிட்ஜ் ‘ஏ லெவல்’ மூன்று அல்லது நான்கு பாடங்களை மட்டும் ஆழமாகப் பயில விடுகிறது. இரண்டாம் மொழியும் விரிவுக் கட்டுரையும் கட்டாயமில்லை. அமெரிக்காவின் காலேஜ் போர்டு நடத்தும் ‘அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்’ தேர்வுகளை, உள்ளூர் வாரியத்தில் படித்துக்கொண்டே தனித்தனிப் பாடங்களாக எழுதலாம். ஒரு துறையில் மட்டும் தீராத ஆர்வமுடையவருக்கு முன்னதும், வாரியத்தை மாற்ற விரும்பாதவருக்குப் பின்னதும் பொருந்தும்.

தமிழ்க் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் பத்தாம் வகுப்பு வரையே தமிழைக் கட்டாயமாக்குவதால், அதன்பின் பிள்ளை தமிழை விட்டுவிடுவது எளிது. பள்ளியில் கற்பிக்கப்படாத தாய்மொழியின் இலக்கியத்தைப் பள்ளியின் மேற்பார்வையோடு தாமே பயின்று, இயல்புநிலையில் தேர்வெழுத ஐ.பி. இடமளிக்கிறது, இரண்டு மொழிகளை இலக்கிய நிலையில் பயின்று தேறுவோருக்கு இருமொழி டிப்ளமாவும் உண்டு. தமிழுக்கு இவ்வாய்ப்பை அளிக்கப் பள்ளி ஆயத்தமாக உள்ளதா என்று சேர்க்கையின்போதே கேட்பது, பெற்றோர் தம் மொழிக்குச் செய்யும் கடமை.

முடிவெடுக்கும் முறை

கட்டணம் ஆண்டுக்குப் பல லட்சம் ரூபாய், தேர்வுக் கட்டணம் தனி. கடன் வாங்கி இப்படிப்பில் சேர்த்துவிட்டு, பின்னர் வெளிநாட்டுக் கல்லூரிக்குப் பணமின்றித் தவிப்பதைவிட, நான்கு ஆண்டுக் கல்லூரிச் செலவையும் சேர்த்தே கணக்கிடுவது விவேகம். பள்ளியைக் காணச் செல்லும்போது கட்டடத்தையும் நீச்சல் குளத்தையும் பார்ப்பதோடு அமையாமல், மாணவர் விரும்பும் ஆறு பாடங்களும் விரும்பிய நிலைகளில் ஒரே கால அட்டவணையில் அமையுமா, உயர்நிலைப் பாடங்களை நடத்தும் ஆசிரியர்கள் எத்தனை ஆண்டுகளாக அவற்றைக் கற்பிக்கின்றனர், பள்ளி முன்கணித்த தரங்களுக்கும் மாணவர் இறுதியில் பெற்ற தரங்களுக்கும் எவ்வளவு இடைவெளி இருந்தது, முந்தைய மாணவர்கள் இந்தியக் கல்லூரிகளில் எங்கெங்கே சேர்ந்தனர் என்ற நான்கையும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். சேர விரும்பும் கல்லூரியின் விதியைப் பள்ளியின் வாய்மொழியை நம்பாமல் அக்கல்லூரியிடமே எழுத்துமூலம் உறுதி செய்துகொள்வது இன்றியமையாதது.

எழுதுவதில் நாட்டமும், தானே கேள்வி கேட்டு விடைதேடும் பொறுமையும், காலக்கெடுவை மதிக்கும் ஒழுங்கும் உடைய பிள்ளைக்கு ஐ.பி. டிப்ளமா அரிய பயிற்சிக்களம். அவை இல்லாமல், அயலவர் பிள்ளை படிக்கிறது என்பதற்காகச் சேர்க்கப்படும் பிள்ளைக்கு அது ஈராண்டுச் சுமை. ஆகவே, பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் எங்கே செல்ல வேண்டும் என்பதை முதலிலும், அதற்கு எந்த ஆறு பாடங்கள் வேண்டும் என்பதை அடுத்தும், அவற்றை எந்த வாரியம் நன்றாகத் தரும் என்பதைக் கடைசியிலும் கேட்கும் குடும்பமே சரியான முடிவை அடையும். அந்த உரையாடலில் படிக்கப்போகும் பிள்ளையின் குரலுக்கே முதலிடம் தரப்பட வேண்டும்.