பக்கத்து சீட்டில் ஒரு வாத்தியார்!

அபிராமபுரத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் தி.நகர் தலைமைத் தபால் நிலையத்தில்தான், 2014 பிப்ரவரியில் அஞ்சல் துறையின் முதல் ஏ.டி.எம் திறக்கப்பட்டது. அதைவிடப் பெரிய மாற்றம், 2025 ஆகஸ்ட்டில் நாடு முழுக்க நடைமுறைக்கு வந்த 'ஏ.பி.டி' மென்பொருள். தபால் புக்கிங் முதல் டெலிவரி வரை எல்லாம் இனி இதில்தான்.

புது மென்பொருள் தடுமாறினால் கவுன்டரில் வரிசை நீளும். மக்களின் கோபம் ஊழியர் மீதுதான் பாயும். அதனால் 4.6 லட்சத்துக்கும் அதிகமான ஊழியர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. முதலில் சிலர் பயிற்சியாளர்களாகத் தயாரானார்கள். அவர்களிடமிருந்து படிப்படியாகக் கடைசி ஊழியர் வரை பாடம் போய்ச் சேர்ந்தது. பயிற்சி, மறுபயிற்சி, நினைவூட்டல் என்பதுதான் திட்டம்.

ஒருநாள் வகுப்பில் யாருக்கும் கை பழகிவிடாது. சந்தேகத்தைக் கூச்சமில்லாமல் கேட்கப் பக்கத்து சீட்டில் ஒருவர் வேண்டும். உங்கள் ஆபீஸில் அந்த ஒருவர் யார்?