லூமன் மட்டும் வெளிச்சமல்ல

சட்டைப்பை டார்ச் வாங்குபவர்கள் அட்டைப்பெட்டியில் உள்ள எண்ணைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது உள்ளே இருக்கும் எல்.இ.டி. சில்லை.

டெல்லி லஜ்பத் ராய் மார்க்கெட்டானாலும் சென்னை ரிச்சி தெருவானாலும் டார்ச் வியாபாரத்தின் மந்திரம் ஒன்றுதான்: லூமன். விரல் நீள டார்ச்சின் பெட்டியில்கூட 10,000 லூமன் என்று கூசாமல் அச்சிடும் தயாரிப்பாளர்கள் உண்டு. எளிய கணக்கு ஒன்றில் இது அம்பலமாகிவிடும். நல்ல எல்.இ.டி. ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமன் தரும். அப்படியானால் 10,000 லூமனுக்கு 100 வாட் வேண்டும். அதில் பெரும்பகுதி வெப்பமாகவே வெளிப்படும். டார்ச்சைக் கையில் பிடிக்க முடியாது. ரீசார்ஜ் செய்யும் பென்சில் பேட்டரி ஒன்றில் இருப்பதோ சுமார் இரண்டரை வாட்-மணி மின்சாரம். 100 லூமனில் எரித்தால் இரண்டரை மணி நேரம் தாங்கும்.

லூமன் மோகம் இன்னொரு விஷயத்தையும் மறைத்துவிடுகிறது. வெள்ளை எல்.இ.டி. உண்மையில் நீல எல்.இ.டி.தான். ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் ஷூஜி நாகமுரா 1993இல் பளிச்சிடும் நீல எல்.இ.டி.யை உருவாக்கினார். (2014இல் இசாமு அகசாகி, ஹிரோஷி அமனோ ஆகியோருடன் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.) நீலச் சில்லின் மீது மஞ்சள் ஒளி தரும் பாஸ்பர் பூசினால், இரண்டும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகப் படுகிறது. இந்தக் கலவையில் சிவப்பு குறைவு. அதனால்தான் மலிவு டார்ச்சில் சிவப்பு ஒயர் பழுப்பாகவும், ரத்தம் கறுப்பாகவும் தெரிகின்றன.

நிறங்களைச் சரியாகக் காட்டும் திறனுக்கு சி.ஆர்.ஐ. என்ற மதிப்பெண் உண்டு. சூரிய ஒளிக்கு 100. சாதாரணச் சில்லுகள் 70 வாங்கும். நிச்சியாவின் 519ஏ, சாம்சங் தயாரித்த எல்.ஹெச்.351டி போன்றவற்றில் 90ஐ எட்டும் ரகங்கள் உண்டு. ஆனால் சிவப்பைக் கூட்டினால் லூமன் சற்றுக் குறையும். பெட்டியில் பெரிய எண் போட விரும்புபவர்களுக்கு இது கட்டுப்படியாகாது.

அடுத்தது சில்லின் அளவு. ஆஸ்ராமின் ஒரு சதுர மில்லிமீட்டர் சில்லில் மேல் குமிழ் கிடையாது. சின்னப் பிரதிபலிப்பான்கூட அதன் ஒளியை ஈட்டிபோலக் குவித்து தூரத்துக்கு அனுப்பும். தோப்பின் மறுகோடியைப் பார்க்கும் காவலாளிக்கு இது சரி. குமிழ் வைத்த பெரிய சில்லுகளின் ஒளி பாய் விரித்ததுபோல் பரவும். தூரம் போகாது, ஆனால் காலடி முழுவதும் தெரியும்.

எது வேண்டும் என்பது சில இடங்களில் உயிர்ப் பிரச்சினை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடிக்கு ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பலியானதாக 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலோர் கிராமத்தினர். பம்புசெட்டுக்கு இரவில் மின்சாரம் வரும் ஊர்களில் வரப்பில் நடக்கும் விவசாயிக்கு 200 மீட்டர் தள்ளியுள்ள மரம் தெரிந்து என்ன பயன்? கண்ணாடி விரியனின் பழுப்பு, சருகின் பழுப்போடு கலந்துவிடக்கூடியது. இரண்டையும் பிரித்துக் காட்ட, பரவலான, நிறம் மாறாத ஒளி வேண்டும். அதற்கு 100 லூமனே தாராளம்.

கடையிலேயே சோதிக்க வழி உண்டு. வெள்ளைச் சுவரில் அடித்தால் ஒளி குவிகிறதா, பரவுகிறதா என்று தெரிந்துவிடும். பிறகு உள்ளங்கையில் அடித்துப் பார்க்கலாம். ரத்த ஓட்டமுள்ள கை இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் நல்ல சில்லு. பிணத்தின் கைபோல் வெளிறித் தெரிந்தால், பெட்டியில் எத்தனை பூஜ்யம் இருந்தாலும் அடுத்த கடைக்குப் போவதே நல்லது.