பாட்டியின் கரப்பானும் பேரனின் இழைப்பும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகும் வழியெங்கும் கரிசலை மூடி நிற்கும் சீமைக் கருவேலத்தை, இந்த வானம் பார்த்த பூமியில் விறகும் கரியுமாகி ஏழைக்குச் சோறு போடும் மரமென்று ஒரு சாராரும், நிலத்தடி நீரை உறிஞ்சித் தீர்க்கும் சனியனென்று மறுசாராரும் வாதிடுவது நெடுநாளைய வழக்கம். ஆனால் 1877-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்துக்கு விதையாக வந்த இம்மரத்தின் மகரந்தம், ஒவ்வாமைச் சுபாவம் உடையவர்களுக்கு ஆஸ்துமாவைக் கிளப்ப வல்லது என்பதை அந்த வாதத்தில் எடுத்துச் சொல்வோர் அபூர்வம்.

அதே காற்றை ஊரார் அனைவரும் சுவாசிக்க, ஒரு வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் நடுநிசியில் நெஞ்சு கீச்சிடுவானேன்? “அவுக அம்மா வழியில வந்த இழுப்பு” என்று பக்கத்து வீட்டில் உடனே தீர்ப்பு வந்துவிடும். தீர்ப்பில் பாதி மெய். 1916-இல் அமெரிக்க வைத்தியர்களான குக், வாண்டர் வீர் என்ற இருவர் ஒவ்வாமை நோயாளிகளின் குடும்பங்களை ஆராய்ந்து, பரம்பரையாக இறங்குவது இன்ன நோய் என்பதன்று, எதற்கும் எளிதில் மிகையாகச் சீறும் ஒரு தேக சுபாவமே என்று கண்டனர். ஆகவே பாட்டிக்குக் கரப்பானாகவும், தகப்பனுக்கு ஓயாத தும்மலாகவும் இருந்தது, பேரனுக்கு மூச்சிழைப்பாக வெளிப்படலாம். வம்சத்தில் ஆஸ்துமாவே இல்லையென்று சாதிப்பவர்கள் பாட்டியின் முழங்கை மடிப்பிலிருந்த கரப்பானை மறந்துவிடுகிறார்கள்.

அந்தக் கரப்பானுக்கும் மூச்சுக்கும் என்ன சம்பந்தம் என்பது 2006-இல் சற்றே துலங்கியது. தோலின் மேலடுக்கைக் கட்டிக் காக்கும் ஃபிலாகிரின் என்ற புரதத்தின் மரபணு பழுதுபட்டால், வறண்டு வெடித்த சருமத்தின் வழியே தூசியும் மகரந்தமும் உட்புகுந்து உடலைப் பகைமைக்குப் பழக்கிவிடுகின்றன. பின்னர் அதே பொருள் மூச்சுக்குழாயில் படும்போது கலகம் மூள்கிறது. மறு ஆண்டில், ஆஸ்துமா உள்ள 994 பேரையும் இல்லாத 1,243 பேரையும் ஒப்பிட்ட ஆய்வு, 17-ஆவது குரோமோசோமின் ஒரு பகுதி குழந்தைப் பருவ ஆஸ்துமாவோடு நெருங்கிய தொடர்புடையது என்று காட்டிற்று. இவ்வாராய்ச்சிகளில் பெரும்பாலானவை ஐரோப்பிய வம்சத்தாரிடம் நடந்தவை என்பதையும், ஆஸ்துமா ஒற்றை மரபணுவின் விளைவன்று, சிறிது சிறிதாகப் பங்களிக்கும் பல மரபணுக்களின் கூட்டு என்பதையும் வாசகர் மனத்தில் கொள்ள வேண்டும். ரத்தத்தைச் சோதித்து இந்தக் குழந்தைக்கு வரும், இதற்கு வராது என்று ஜோசியம் சொல்லும் மரபணுப் பரிசோதனை எதுவும் இன்றில்லை.

17-ஆவது குரோமோசோமைப் பற்றிப் பின்னர் அறிந்தது இன்னும் முக்கியமானது. சிசுப் பருவத்தில் புகையிலைப் புகை பட்ட பிள்ளைகளிடமும், சளிக் கிருமியால் இழைப்புக் கண்ட பிள்ளைகளிடமும் அதன் கேடு கூடுதலாகத் தெரிந்தது. சூழலின் பங்குக்கு இன்னொரு சான்றும் உண்டு. அமெரிக்காவில் ஏறத்தாழ ஒரே வம்ச வேர் கொண்ட ஆமிஷ், ஹட்டரைட் என்ற இரு உழவர் சமூகங்களை ஒப்பிட்டு 2016-இல் வெளியான ஆய்வில், கால்நடைகளோடு பழைய முறையில் வாழும் ஆமிஷ் குழந்தைகளில் ஆஸ்துமா சுமார் 5 விழுக்காடும், இயந்திரப் பண்ணை நடத்தும் ஹட்டரைட் குழந்தைகளில் 21 விழுக்காடும் காணப்பட்டது. (இதைப் படித்துவிட்டு இழுப்புள்ள பிள்ளையை மாட்டுக் கொட்டகையில் படுக்கவைக்க வேண்டாம்!)

நம் பக்கத்துப் புகைக்கு வருவோம். வெட்டிய கருவேலங் கட்டைகளை அடுக்கி, செத்தையும் ஈரமண்ணும் போட்டு மூடி, சிறு துளைகள் வழியே காற்றை அளந்துவிட்டு, நாட்கணக்கில் உள்ளுக்குள் கனியவைக்கும் கரிமூட்டத்தில், முதலில் வெண்மையாகவும், கரி முற்றும் தறுவாயில் நீலம் பாரித்தும் எழும் புகை, காற்று அடித்துச் செல்லும் பக்கத்திலிருக்கும் குடிசைகளுக்குள் தாராளமாகப் புகுகிறது. மூட்டம் போடுபவருக்கு அதுதான் ஜீவனம். அவரைப் பழிப்பது நியாயமன்று. குடியிருப்பை விட்டுத் தள்ளி மூட்டமிட இடம் காட்டுவது ஊராட்சிக்கு எட்டாத காரியமுமன்று.

வம்சத்தைப் பழிப்பதால் நேரும் பெரிய தீமை மறைத்தல். பெண்பிள்ளையின் இழுப்பு வெளியே தெரிந்தால் நாளை வரன் அமையாதே என்று அஞ்சி, இன்ஹேலரை ஒளித்து வைத்து, “பழகிப்போகும்” என்று அதையும் நிறுத்தி, முட்டு வந்த இரவுகளில் மட்டும் நெபுலைசருக்கு ஓடும் குடும்பங்கள் உண்டு. இன்ஹேலர் போதைப் பழக்கம் உண்டாக்குவதன்று. மருத்துவர் சொன்ன அளவில் தினமும் இழுக்கும் தடுப்பு மருந்தே மூச்சுக்குழாயின் அழற்சியைத் தணிப்பது. அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, பாட்டியின் கரப்பானையும், தகப்பனின் தும்மலையும், வீட்டருகே மூட்டம் இருப்பதையும் மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்.