உப்புக்கு ஏங்கிய கடைசி உயிர்

ஸ்டார் ட்ரெக் தொடரை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் ஒரே பதில்தான் சொல்வேன். 1966 செப்டம்பர் 8, வியாழக்கிழமை இரவு, அமெரிக்காவின் என்.பி.சி. அலைவரிசை எதை முதலில் காட்டியதோ அதிலிருந்து தொடங்குங்கள். 'தி மேன் டிராப்' என்பது அதன் பெயர், ஐம்பது நிமிடம் ஓடும். தொடரின் சிறந்த அத்தியாயம் இது அல்ல. ஆனால் இந்தத் தொடரைப் பின்னாளில் எதற்காகத் தலையில் வைத்துக் கொண்டாடினார்களோ, அதை இந்த முதல் இரவில் தவறவிட்டிருக்கிறார்கள். தவறவிட்ட உறுத்தலும் கதைக்குள்ளேயே இருக்கிறது. அதனால்தான் எனக்கு இது முக்கியம்.

முதலில் ஒளிபரப்பானது இது. முதலில் எடுக்கப்பட்டது அல்ல. இதற்கு முன்பே இரண்டு முன்னோட்டப் படங்களும் வேறு சில அத்தியாயங்களும் எடுத்து முடித்திருந்தார்கள். புதிய கோள், கப்பலுக்குள் நுழையும் ஒரு பூதம், எளிதில் புரியும் கதை என்று எல்லாம் சேர்ந்து அமைந்ததால் இதை முன்னால் தள்ளினார்கள். எழுதியவர் ஜார்ஜ் கிளேட்டன் ஜான்சன், இயக்கியவர் மார்க் டேனியல்ஸ்.

கதை இதுதான். எம்-113 என்ற பாழடைந்த கோளில் ராபர்ட் கிரேட்டர் என்ற தொல்லியல் பேராசிரியரும் அவர் மனைவி நான்ஸியும் தனியாக இருக்கிறார்கள். வழக்கமான மருத்துவப் பரிசோதனைக்காக எண்டர்பிரைஸ் கப்பலிலிருந்து கேப்டன் கிர்க், டாக்டர் மெக்காய், டார்னெல் என்ற இளைஞன் மூவரும் இறங்குகிறார்கள். நான்ஸி ஒரு காலத்தில் மெக்காய் விரும்பிய பெண். அவள் உள்ளே வரும் காட்சியைக் கூர்ந்து பாருங்கள். மெக்காயின் கண்ணில் அவள் அன்றைய இளமை மாறாமல் நிற்கிறாள். கேமரா கிர்க் பக்கம் திரும்புகிறது; அதே பெண், ஆனால் தலையில் நரை, முகத்தில் வயது. டார்னெலுக்கோ, எப்போதோ எங்கோ பார்த்த வேறொரு பொன்னிறக் கூந்தல்காரி. மூன்று பேருக்கும் மூன்று உருவம் என்று யாரும் வாய்திறந்து விளக்குவதில்லை. யார் பார்க்கிறாரோ அவர் பார்வைக்குத் தக்க ஆளை மாற்றிக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். கணினி வித்தை எதுவும் இல்லாத காலத்தில், வெறும் படத்தொகுப்பை வைத்துக்கொண்டு செய்த காரியம் இது. ஆசை எதைக் கேட்கிறதோ அதையே கண் காண்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

பேராசிரியர் பரிசோதனை வேண்டாம் என்கிறார். உப்பு மாத்திரை மட்டும் கொடுத்துவிட்டுப் போங்கள் என்கிறார். சற்று நேரத்தில் டார்னெல் செத்துக் கிடக்கிறான். முகத்தில் வட்ட வட்டமாகச் சிவந்த தழும்புகள். உடலில் துளி உப்பு இல்லை என்று மெக்காய் கண்டுபிடிக்கிறார். இங்கே ஜான்சன் நல்ல பொருளாகப் பார்த்துத்தான் எடுத்திருக்கிறார். உப்பிலுள்ள சோடியம் இல்லாவிட்டால் நரம்பில் செய்தி ஓடாது, தசை அசையாது, இதயமும் துடிக்காது. அதை மொத்தமாக உறிஞ்சிவிட்டால் மனிதன் விழுந்துவிடுவான் என்பதில் கற்பனை குறைவுதான்.

உப்புக்குச் சின்னக் கிளைக்கதை ஒன்றும் உண்டு. எதிர்காலத்து உப்புக் குடுவை எப்படி இருக்கும் என்று தேடி, விசித்திர வடிவங்களில் பல குடுவைகளை வாங்கி வந்தார்கள். பார்ப்பவர்களுக்கு அது உப்புக் குடுவை என்றே தெரியாது என்று பிறகு உறைத்தது. அதனால் சாதாரணக் குடுவையையே காட்டிவிட்டு, வாங்கிய விசித்திரங்களை மெக்காயின் மருத்துவக் கருவிகளாக மாற்றிவிட்டார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான்ஸி எப்போதோ இறந்துவிட்டாள். அவளைக் கொன்ற உயிரினமே அவள் உருவில் பேராசிரியரோடு வாழ்கிறது. அவர் உப்பு போடுகிறார், அது அவருக்கு மனைவியாக இருக்கிறது. அந்த இனத்தில் எஞ்சியது அது ஒன்றுதான். அமெரிக்கக் காட்டெருமையையும் பயணப் புறாவையும் நினைத்துப் பாருங்கள் என்று அவர் கிர்க்கிடம் சொல்கிறார். பார்க்கும் அமெரிக்கர்களுக்கு அது சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். கோடிக்கணக்கில் பறந்த பயணப் புறாக்களில் கடைசிப் பறவை, மார்த்தா என்று பெயர் வைத்தது, 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி விலங்குக்காட்சி சாலையில் செத்தது. இந்த அத்தியாயம் வந்தபோது அதைக் கண்ணால் பார்த்தவர்கள் உயிரோடு இருந்திருப்பார்கள்.

கப்பலில் நடக்கும் ஆலோசனைக் கூட்டம்தான் இதில் எனக்கு மிகப் பிடித்த காட்சி. பேராசிரியர், கிர்க், கிர்க்கின் துணை அதிகாரி ஸ்போக் உட்கார்ந்திருக்கிறார்கள். மெக்காயும் இருக்கிறார், ஆனால் அது மெக்காய் அல்ல, அவர் உருவெடுத்து வந்திருக்கும் அந்த உயிரினம். தந்திரம் ஏதும் செய்யாமல் அதற்கு உப்பைக் கொடுத்துவிட்டால் என்ன, அது நம்மைத் தாக்கக் காரணமே இருக்காதே என்று அது கேட்கிறது. மொத்தக் கதையிலும் தனக்காக அது வாதாடுவது இங்கேதான், அதுவும் ஒரு டாக்டரின் வாயால். எண்ணம் நல்லது, யோசனை ஆபத்தானது என்று ஸ்போக் மறுத்துவிடுகிறார். முதல் முறை பார்ப்பவர்கள் இந்த இடத்தில் திகிலை மட்டும்தான் கவனிப்பார்கள். இரண்டாம் முறை பாருங்கள், மனசு கனத்துவிடும்.

கிர்க் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். அதற்குள் கப்பல் ஆட்கள் நாலு பேர் செத்திருக்கிறார்கள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். இதுவோ உப்பிட்ட பேராசிரியரையே கடைசியில் கொன்றுவிடுகிறது. ஆனால் பேராசிரியர் சாகும்வரை கப்பல் ஆட்கள் யாரும் அதோடு பேசிப் பார்க்கவில்லை என்பதும் உண்மை. ஜான்சன் வழி திறந்து வைத்திருக்கிறார். அதில் நடக்க அந்த ஐம்பது நிமிடத்துக்குத் துணிவு வரவில்லை. முடிவில், நான்ஸியின் முகத்தோடு கெஞ்சும் அதை மெக்காயே சுட வேண்டியிருக்கிறது. மெக்காயாக வரும் டிஃபாரஸ்ட் கெல்லி அந்த இடத்தில் கையும் முகமும் நடுங்க நடித்திருப்பது, அந்த ரப்பர் பூத உடையின் குறைகளையெல்லாம் மறக்கடிக்கிறது. பிறகு கிர்க் காட்டெருமையை நினைத்துக்கொண்டிருந்ததாக ஒரு வரி சொல்கிறார், கப்பல் கிளம்பிவிடுகிறது. எனக்கு அந்த ஒரு வரி போதவில்லை.

தொடரை எழுதியவர்களுக்கும் போதவில்லை என்றே நினைக்கிறேன். ஆறு மாதம் கழித்து, 1967 மார்ச் 9 அன்று, ஜீன் கூன் எழுதிய 'தி டெவில் இன் தி டார்க்' வந்தது. சுரங்கத்தில் ஆட்களைக் கொல்லும் ஒரு பூதம், அதன் இனத்திலும் அது ஒன்றே மிச்சம். இந்த முறை ஸ்போக் அதன் மேல் கைவைத்து அதன் மனதோடு பேசுகிறார். சுரங்கத் தொழிலாளர்கள் உடைத்துப்போட்ட உருண்டைகள் அதன் முட்டைகள் என்று தெரிகிறது. சுட்ட காயத்துக்கு மருந்து போடுவதும் அதே மெக்காய்தான். கல்லால் ஆன உடம்பு என்பதால், கட்டடத்துக்குப் பூசும் கலவையை வரவழைத்து அப்பிவிட்டு, கை முழுக்கப் பூச்சோடு பெருமைப்படுகிறார். இரண்டையும் ஒரே நாளில், இதே வரிசையில் பாருங்கள்.