மாட்யூல் செத்தால் என்ன ஆகும்?

சின்ன மின்சாரம் – 17

திருமயத்து வாசகர் ஒருவர் தோப்புக் காவலுக்குக் கேமரா வைத்திருக்கிறார். கம்பத்து உச்சியில் சோலார் பேனல். கீழே தகரப் பெட்டிக்குள் சார்ஜ் கன்ட்ரோலரும் 12 வோல்ட் பேட்டரியும். கேமராவுக்கும் ரவுட்டருக்கும் 5 வோல்ட்டாக இறக்கிக் கொடுக்க, எல்எம்2596 சிப் வைத்த ஒரு பக் கன்வெர்ட்டர் மாட்யூல். சித்திரை வெயிலில் ஒருநாள் எல்லாம் ஒன்றாக அணைந்துவிட்டன. பேனலுக்கும் பேட்டரிக்கும் ஒன்றும் ஆகவில்லை. கேமராவும் ரவுட்டரும் கருகிவிட்டன. மாட்யூல் போனால் போகட்டும், அது ஏன் மற்றதையும் கூட்டிக்கொண்டு போனது என்பது அவர் கேள்வி.

மின் நிலையங்களுக்குக் குழாய் செய்ய பெல் நிறுவனம் தொழிற்கூடம் அமைத்த ஊர் திருமயம். மெகாவாட் கணக்கு அங்கே புதிதல்ல. இந்தப் பெட்டியில் ஓடியது மிஞ்சிப் போனால் 10 வாட். அதற்குள் இவ்வளவு சேதம்.

முதலில் ஒன்று: அவர் தேர்ந்தெடுத்த வழி சரியானது. பேட்டரியின் டிசியை இன்வெர்ட்டர் வைத்து 230 வோல்ட் ஏசியாக்கி, அடாப்டர் போட்டு மறுபடி 5 வோல்ட் டிசியாக்குவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வேலை. இரண்டு இடத்திலும் மின்சாரம் வீணாகும். ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் இதே எண்ணத்தை வீட்டளவில் செய்து காட்டினார்கள். 48 வோல்ட் டிசியிலேயே விளக்கும் விசிறியும் ஓடும் அந்த ஏற்பாடு, ராஜஸ்தானின் பாலைவனக் கிராம வீடுகளுக்குப் போனது.

கோளாறு வேறு இடத்தில். எல்எம்2596க்குள் இருக்கும் மின்சுவிட்ச், நொடிக்கு ஒன்றரை லட்சம் தடவை மூடித் திறக்கிறது. மூடியிருக்கும் நேரத்தையும் திறந்திருக்கும் நேரத்தையும் சிப் சரிக்கட்ட, காயிலும் கெப்பாசிட்டரும் அதைச் சீரான 5 வோல்ட்டாக்குகின்றன. அந்த சுவிட்ச் பழுதானால் பல நேரம் 'ஷார்ட்' ஆகித்தான் போகும். அதாவது மூடியபடியே நின்றுவிடும். அப்போது பேட்டரியின் 12 வோல்ட், சார்ஜ் ஏறும் நேரமானால் 14 வோல்ட், காயில் வழியே நேராகக் கேமராவுக்குள் இறங்கும்.

சிப் நன்றாக இருந்தாலும் இதே கதி வர இன்னொரு வழி உண்டு. வோல்ட்டேஜை ஏற்றி இறக்க மாட்யூலில் ஒரு சின்ன திருகு இருக்கிறதே, அந்த ட்ரிம்பாட், அவுட்புட்டுக்கும் சிப்பின் கண்காணிப்புக் காலுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறது. துருவோ தூசியோ அதிர்வோ அதன் தொடுப்பை விடுவித்தால், அவுட்புட்டில் ஒன்றுமே இல்லை என்று சிப் நினைத்துக்கொண்டு சுவிட்சை முழுக்க மூடிவிடும். வெயிலிலும் மழையிலும் நிற்கும் பெட்டிக்கு ட்ரிம்பாட் வைத்த மாட்யூல் ஆகாது என்பது என் முடிவு. 5 வோல்ட் என்று நிலையாக அமைத்த மாட்யூலே கிடைக்கிறது.

அப்படியானால் பாதுகாப்பு? பேட்டரியின் பிளஸ் முனையை ஒட்டியே ஒரு ஃபியூஸ். 5 வோல்ட்டில் 2 ஆம்பியர் எடுத்தால் 12 வோல்ட் பக்கம் ஏறத்தாழ 1 ஆம்பியர்தான் ஓடும். 2 ஆம்பியர் ஃபியூஸ் போதும். பலர் ஃபியூஸை மாட்யூலுக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள். நடுவிலுள்ள ஒயர் எங்காவது உரசி ஷார்ட் ஆனால் அந்த ஃபியூஸால் பயனில்லை. அடாப்டரைப் போல பேட்டரி கையைக் கட்டிக்கொள்ளாது. ஒயர் பழுக்கும்வரை கொடுத்துக்கொண்டே இருக்கும். அடுத்தது, அவுட்புட்டின் குறுக்கே 5 வோல்ட்டுக்கான டிவிஎஸ் டையோடு ஒன்று. வோல்ட்டேஜ் எகிறினால் அது மின்னோட்டத்தைத் தன் வழியே இழுத்துக்கொள்ளும், ஃபியூஸ் போகும். டையோடும் சேர்ந்து போகலாம், போகட்டும். விலை உயர்ந்த சாதனமென்றால் வோல்ட்டேஜ் எகிறியதும் அவுட்புட்டையே ஷார்ட் செய்துவிடும், எஸ்சிஆர் வைத்த குரோபார் சுற்று இன்னும் நம்பகமானது.

இனி வெயில். விற்பவர் 3 ஆம்பியர் என்பார். 10 வாட் கொடுக்கும்போது, 80 சதவீதத் திறன் என்று வைத்தாலும், இரண்டரை வாட் வெப்பமாகிறது. பெருவிரல் அகலப் பலகையில், மூடிய தகரப் பெட்டிக்குள், பாறை கொதிக்கும் ஊரில் அந்த வெப்பம் எங்கே போகும்? சொன்னதில் பாதி ஆம்பியருக்கு மேல் எடுக்காதீர்கள். பெட்டியைப் பேனலின் நிழலில் கட்டுங்கள். அடியில் காற்றோட்டத்துக்குத் துளை இடுங்கள்.

பேனலிலிருந்து நேரே மாட்யூலுக்கு இழுப்பவர்களும் இருக்கிறார்கள். '12 வோல்ட்' பேனல் சுமையில்லாமல் 21, 22 வோல்ட் காட்டும். இரண்டைத் தொடராக இணைத்தால் 44. எல்எம்2596க்கு விதித்த வரம்பு 40. மார்கழிக் காலைக் குளிரில் பேனல் வோல்ட்டேஜ் இன்னும் கூடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாட்யூலின் இன்புட் கெப்பாசிட்டரில் 35 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் வரம்பு அதைவிடக் குறைவு.

பிளஸ், மைனஸ் மாற்றிக் கொடுத்தால் இந்த மாட்யூல் அந்த நொடியே போய்விடும். சாதனத்தை மாட்டும் முன் 10 ஓம், 5 வாட் ரெசிஸ்டரை அவுட்புட்டில் கட்டி, அரை மணி நேரம் ஓடவிட்டு மீட்டரில் பாருங்கள். முள் 5 வோல்ட்டில் நிற்கிறதா என்று பார்த்த பிறகே கேமரா.

திருமயம் வாசகருக்கு: புது மாட்யூல் நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். ஃபியூஸும் டிவிஎஸ் டையோடும் கையில் வந்து சேரும்வரை அதைப் பெட்டிக்குள் வைக்காதீர்கள்.